மணி அடித்தால் வெளியே வாருங்கள்



போன மாதம் எங்கள் தையல் வகுப்பு முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்ட பிறகும் ஓர் அக்கா மட்டும் போகாமல் நின்றார். கனடாவில் மகளோடு சில மாதம் இருந்துவிட்டு அண்மையில்தான் ஊருக்கு வந்தவர்.

"தங்கச்சி, நீங்கள் மாதாமாதம் எழுதிறனீங்கள்தானே. இதையும் ஒருக்கா எழுதுங்கோ. பேர் மட்டும் போடாதேங்கோ."

பெயர் போடவில்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மகளின் முதற் பிரசவத்துக்காகப் போயிருக்கிறார். ஜனவரி மாதம், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஓர் இடம். பேரப்பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். வெளியே முழங்காலளவு பனி. மகளுக்கு நாலைந்து நாளாகத் தலையிடி, ஓங்காளம், எழும்ப முடியாத அசதி. பிள்ளைப்பெற்ற உடம்பு, இரவில் நித்திரையும் இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று தாய் சரக்கு அரைத்துக் கறிவைத்துக் கொடுத்திருக்கிறார். தனக்கும் தலை விறைத்தபடி இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். மருமகன் மட்டும் சுகமாக இருந்தார். அவர் பகல் முழுவதும் வேலைக்குப் போய் வருபவர்.

அந்த வீட்டில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு அலாரங்கள். வெள்ளை நிறத்தில் உள்ளங்கை அளவில் சுவரில் பூட்டியிருக்கும். இரண்டு நாளுக்கு முன்னர் கீழே இருந்தது அடித்தது. மருமகன் கதவைத் திறந்துவிட்டார். சற்று நேரத்தில் நின்றுவிட்டது. இரவு திரும்பவும் அடித்தது. "பற்றரி பழுதாக்கும், பிள்ளை எழும்பப் போகுது" என்று பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டார். மறுநாள் இரவு இரண்டு மணிக்கு மேலே இருந்தது அடிக்கத் தொடங்கியது.

"அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு யோசினையும் வரேல்லை தங்கச்சி. பிள்ளையைத் தூக்கினன். படியாலை கீழ இறங்கினன். பிறகு இன்னும் கீழ, நிலத்துக்குக் கீழ இருக்கிற அறைக்குப் போய்ப் பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு மூலைக்குள்ள குந்தியிட்டன்."

ஏன் கீழே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கமாட்டீர்கள். 2009 வரைக்கும் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் நிலத்துக்குக் கீழேதான் போனோம். பிள்ளையை முதலில் இறக்கி, பிறகு நாம் இறங்கி, தலையைக் குனிந்து. அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை, உடம்பே படித்துக்கொண்டது.

ஆனால் அந்த அறையில்தான் வீட்டைச் சூடாக்குகின்ற இயந்திரம் இருந்தது. நச்சுவாயு வந்துகொண்டிருந்ததும் அங்கேயிருந்துதான்.

மேலே மருமகன் கதிரையில் ஏறி நின்று இரண்டாவது அலாரத்தையும் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் சுவரைப் பிடித்தபடி வந்து, "அம்மா, மேல வாங்கோ, எல்லாரும் வெளியில போவம்" என்று கத்தியிருக்கிறாள். கர்ப்பிணிகள் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்தது அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அக்கா படியேறி வந்தார். வாசலில் நின்றுவிட்டார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. "பன்ரண்டு நாள் பச்சைப்பிள்ளையை இந்தக் குளிருக்குள்ள கொண்டுபோறதோ? நான் விடமாட்டன் எண்டு நிண்டன். அஞ்சு நிமிசம் சண்டை பிடிச்சன்." இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது.

கடைசியில் போர்வையால் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சீனக் குடும்பம். ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே எடுத்தார்கள். அங்கேயிருந்து 911க்கு அழைத்தார்கள். தீயணைப்புப் படையினர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு, கையில் அளக்கும் கருவியோடு வீட்டுக்குள் போனார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் செல்லவில்லை. இயந்திரத்தின் புகையை வெளியேற்றும் குழாய் வீட்டின் பக்கச் சுவரில் தாழ்வாக இருந்தது. கார் நிற்கும் இடத்துப் பனியை மருமகன் அள்ளி அள்ளிக் குவித்ததில் குழாயின் வாய் மூடிவிட்டது. போக வழியில்லாத புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருந்தது.

தாய், பிள்ளை, பேத்தியார் மூவருக்கும் வைத்தியசாலையில் முகமூடியால் ஒட்சிசன் கொடுத்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை இப்போது தவழுகின்றது.

அந்த வாயுவின் பெயர் காபனோரொட்சைட்டு. விறகு, கரி, பெற்றோல், மண்ணெண்ணெய், காஸ் எதுவாக இருந்தாலும் போதிய காற்றில்லாமல் எரியும்போது அது உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை என்றால் நமக்குத் தெரியும். இதுவோ புகையே இல்லாமல் சிவந்து கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்தும் வரும். சுவாசத்தோடு உள்ளே போனால் ஒட்சிசனைக் காவிச்செல்ல வேண்டிய ஈமோகுளோபினை இது பிடித்துக்கொள்ளும். ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். இரத்தம் ஓடிக்கொண்டிருக்க, உடம்பு மூச்சுக்குத் தவிக்கும். வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி கழிவதற்கு 4 தொடக்கம் 5 மணித்தியாலம் செல்லும். தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் பாதி கழிந்துவிடும். வைத்தியசாலைக்குப் போகச் சொல்வது இதனால்தான். கர்ப்பிணிகள் ஒரு விடயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இரத்தம் இந்த வாயுவைத் தாயின் இரத்தத்தைவிடக் கூடுதலாகப் பிடித்துவைக்கும், விடுவதற்கும் கூடிய நேரம் எடுக்கும். தாய்க்கு இலேசான தலையிடிதான் என்றாலும் அலட்சியம் செய்யக்கூடாது.

இதை மற்ற நோய்களிலிருந்து பிரித்தறிவது கடினம். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, களைப்பு, பிறகு நினைவு தடுமாற்றம். தடிமன் காய்ச்சல் போல இருக்கும், ஆனால் காய்ச்சல் இராது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வரும். வெளியே போனால் சுகமாகி, வீட்டுக்கு வந்தால் திரும்பவும் தொடங்கும். அந்த மருமகன் சுகமாகத் திரிந்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த கருவி பலரிடம் இன்னும் இருக்கின்றது. அதை நம்பி இருந்துவிட வேண்டாம். இந்த வாயு பிடித்த இரத்தத்தையும் அது ஒட்சிசன் உள்ள இரத்தம் என்றே காட்டும். 98 என்று காட்டிக்கொண்டிருக்க, ஆள் மயங்கிக் கிடப்பார். இரத்தத்தைச் சோதித்துத்தான் சரியாக அறியலாம்.

காலையில் சரியாகிவிடும் என்று படுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர் எமில் ஸோலா 1902 செப்டெம்பரில் பாரிஸில் தன் படுக்கையறையிலேயே இறந்துபோனார். கணப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. இரவில் அவருக்கும் மனைவிக்கும் உடம்பு சரியில்லாமல் வந்திருக்கிறது. வேலையாட்களை எழுப்புவோம் என்று மனைவி சொல்ல, வேண்டாம், விடிந்தால் சரியாகிவிடும் என்று அவர் தடுத்தாராம். மனைவி உயிர் தப்பியதால் இந்த விபரம் தெரியவந்தது.

நூறு வருடத்துக்கு மேலாகியும் அதேதான் நடக்கின்றது. 2008 டிசெம்பரில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வூட்ஸ்டொக் என்ற ஊரில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அடைபட்ட புகைபோக்கியால் இறந்தார்கள். அந்த வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அவர்களின் குடும்பப் பெயரைத் தாங்கிய சட்டம் 2013 இல் நிறைவேறியது. 2014 ஒக்டோபரிலிருந்து அந்த மாகாணத்து வீடுகளில் அலாரம் கட்டாயம். இங்கிலாந்தில் 2022 ஒக்டோபரிலிருந்து காஸ் பொயிலர் உள்ள அறையில் அலாரம் பூட்டிக்கொடுப்பது வாடகைக்கு விடுபவரின் கடமை. நம் பிள்ளைகள் பலர் அங்கே அறை எடுத்து இருப்பவர்கள். வீட்டுக்காரரிடம் கேட்பது உரிமை, கெஞ்சத் தேவையில்லை.

அலாரம் அடித்தால் என்ன செய்வது? முதலில் அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம் என்றால் அது பற்றரி அல்லது கருவியின் ஆயுள் முடிந்ததைச் சொல்கிறது. விடாமல் உரத்து அடித்தால், கனடாவில் பெரும்பாலும் நாலு நாலாக அடித்து நின்று மறுபடி அடிக்கும், அது வாயு. அந்தக் கருவி வாயு பட்ட உடனே அடிப்பதில்லை. அளவு குறைவென்றால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பொறுத்திருந்து அடிக்கும். ஆகவே அது அடிக்கும்போது வாயு வெகுநேரமாக வீட்டுக்குள் இருக்கின்றது என்றுதான் பொருள். கதவைத் திறந்ததும் சத்தம் நின்றால் கருவி பழுது என்று ஆகிவிடாது. காற்று வந்து வாயு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மருமகன் அங்கேதான் தவறினார்.

எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு நிற்காமல் படுத்திருப்பவர்களை எழுப்பி எல்லோரும் வெளியே வர வேண்டும். போகிற வழியில் அடுப்பு இருந்தால் அணைக்கலாம், கதவைத் திறந்தபடி விடலாம். அதற்காகத் திரும்பிப் போகக்கூடாது. ஈரத்துணியை மூக்கில் கட்டுவது நமக்குப் பழக்கம். புகைக்கு அது கொஞ்சம் உதவும், இந்த வாயுவை ஈரத்துணி தடுக்காது. முகக்கவசமும் தடுக்காது. வெளியே வந்து தலைகளை எண்ணிப்பார்த்து, அங்கேயிருந்து தொலைபேசியில் அழையுங்கள். கனடாவில் 911. பிரித்தானியாவில் யாருக்காவது சுகமில்லை என்றால் 999, காஸ் அவசரத்துக்கு 0800 111 999. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். வந்தவர்கள் அளந்து பார்த்து, போகலாம் என்று சொல்லும்வரை உடுப்பெடுக்க, பாஸ்போட் எடுக்க என்று ஒருவரும் உள்ளே போக வேண்டாம்.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அக்கா சண்டை பிடித்ததும் அதற்குத்தானே. போர்வையோடு பக்கத்து வீட்டுக்குப் போகலாம். தெரியாதவர்கள் என்றாலும் கதவைத் தட்டலாம். பனி மூடிய காருக்குள் ஏறி எஞ்சினைப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். அதன் புகைக்குழாயும் பனியால் அடைபட்டிருந்தால் இதே வாயு காருக்குள் வரும்.

"அதெல்லாம் பனி பெய்யிற ஊர்க் கதை, எங்களுக்கேன்?" என்று இதை வாசிக்கும் ஒருவராவது நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் இல்லாதது அலாரம்தான். வாயு இருக்கின்றது.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசை. வசதி உள்ளவர்கள் ஜெனரேற்றர் போட்டார்கள், இல்லாதவர்கள் கரியும் விறகும் மூட்டினார்கள். கள்ளர் பயத்தில் ஜெனரேற்றரை விறாந்தையிலோ குசினியிலோ வைத்துக் கதவைப் பூட்டியவர்கள் உண்டு. கடைகளில் இன்றும் பின்னறைக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். யன்னல் திறந்திருந்தால் போதும் என்பது சரியல்ல. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, யன்னல் கதவுக்கு எதிர்ப்புறமாகப் புகை போகும்படி வைக்க வேண்டும். களவு போகும் என்று பயந்தால் மரத்தோடு சங்கிலியால் கட்டுங்கள்.

மலையகத்தில் குளிருக்கு அறைக்குள் கரிநெருப்பு வைத்துக் கதவை மூடிப் படுத்தவர்கள் காலையில் எழும்பாத செய்திகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். நமது பக்கத்தில் குளிர் இல்லை. ஆனால் பிள்ளைப்பெற்ற அறை இருக்கின்றது. காற்றுப்படக்கூடாது என்று யன்னலை அடைத்து, தலை முழுகிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, தணற்சட்டியைக் கட்டிலுக்குக் கீழேயே விட்டுவிடுகிறோம். சாம்பிராணி காட்டுவதை நான் குறை சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்கும் காட்டித்தான் வளர்த்தேன். காட்டி முடிந்ததும் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோங்கள், யன்னலைச் சிறிது நேரம் திறவுங்கள். நுளம்புக்கு மூட்டும் சிரட்டைத் தணலுக்கும் இதேதான்.

எனக்கு அதிகம் பயம் கிணற்றைப் பற்றி. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் மேலே வைத்த மிசின் தண்ணீரை இழுக்காது. ஏறக்குறைய 25 அடிக்கு மேல் எந்த மிசினாலும் உறிஞ்ச முடியாது, அது இயற்கை. ஆகவே பலகை கட்டி மிசினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டுகிறார்கள். கிணறு என்பது மூன்று பக்கமல்ல, நாலு பக்கமும் அடைத்த அறை. புகை அதற்குள்ளேயே நிற்கும். சேறு அள்ள இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான். விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் பெரியவர்களுடையது. ஒட்சிசன் குறைந்திருந்தால் விளக்கு நூரும், அது உண்மை. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருக்கும்போதும் விளக்கு நின்று எரியும். அதை நம்பி ஆளை இறக்க முடியாது.

ஆம்பிளை இல்லாத வீடுகளில் கிணறு இறைக்கக் கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் நாங்கள்தான். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது அக்கா, நாங்கள் எத்தினை கிணறு இறைச்சனாங்கள்" என்று பொடியன்கள் சொல்வார்கள். சொல்லட்டும். காசு கொடுப்பவர் நீங்கள், உங்கள் சொல்லுக்கும் இடமுண்டு. எஞ்சின் மிசின் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மின்சாரம் உள்ள இடத்தில் தண்ணீருக்குள் வைக்கும் மோட்டரை வாடகைக்கு எடுக்கலாம். ஏற்கனவே உள்ளே எஞ்சின் ஓடியிருந்தால் அன்றைக்கு ஒருவரையும் இறக்க வேண்டாம். எந்த நாளிலும் இறங்குபவரின் உடம்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க இரண்டு பேராவது நிற்க வேண்டும். ஆள் சாய்ந்தால் கயிற்றால் இழுங்கள், பின்னால் இறங்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியரிடம் "மிசின் ஓடின கிணறு" என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு காரணத்தைத் தேடுவார்.

அக்காவிடம் திரும்பி வருகிறேன். பங்கருக்குள் ஓடியது போல ஓடிவிட்டேனே என்று வெட்கப்பட்டுத்தான் இதைச் சொன்னார். வெட்கப்பட என்ன இருக்கிறது? அன்றைக்கு அந்த ஓட்டம்தான் அந்த மகளைக் காப்பாற்றியது. இந்தச் சத்தத்துக்கு மட்டும் மேலேயும் வெளியேயும் என்று உடம்புக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் பேசும்போது, கதிரையில் ஏறி அந்த அலாரத்தின் சோதனைப் பொத்தானை அமத்தச் சொல்லுவாராம். இங்கே அவரும் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கதிரையில் இருந்துகொண்டு, அந்தச் சத்தம் கேட்டதும் எழும்பி முற்றத்துக்கு நடப்பாராம்.

"பேரன் அங்கை பயந்து அழுகிறான்" என்று சிரித்தார். "அழட்டும், பழகட்டும்."